மாடு, குதிரை, மேயர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வரலாற்றைத் தேடி யாரும் தோண்ட வேண்டாம். வரப்பு ஓரமாக நட்டுவைத்திருக்கிறது. ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், உடம்பில் அங்கங்கே எதிரி விட்ட அம்பு, காலடியில் இரண்டு மாடு. நடுகல். எங்கள் பக்கம் அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் ஆட்டைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள், மற்ற நாளில் ஆடு என்று இரண்டையும் செய்கிற வீடுகளும் உண்டு.

கல்லில் இருப்பவர் எப்படிச் செத்தார்? பெரும்பாலும் மாட்டுக்காக. பக்கத்து ஊர் மாட்டை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு வந்தால் அது திருட்டு என்று நீங்களும் நானும் நினைப்போம். நம்முடைய இலக்கணக்காரர்கள் அதற்கு வெட்சி என்று பூவின் பெயர் வைத்தார்கள். போன மாட்டைத் திருப்பிக் கொண்டுவரப் போனால் கரந்தை. அதுவும் பூதான். திருடப் போகிறவன் தலையிலும் பூ, பிடிக்கப் போகிறவன் தலையிலும் பூ. நடுவில் மாட்டை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

ஓசூர் உள்ளாட்சியின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவன் மாட்டில் ஏன் ஆரம்பிக்கிறான் என்று கேட்பீர்கள். உள்ளாட்சி என்றால் எல்லாரும் உத்திரமேரூருக்குத்தான் போவார்கள். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, முப்பது குடும்பு. நல்ல ஊர், நல்ல கல்வெட்டு. ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்றைய தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சிக்கு ஆள் பிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். அது போகாத ஊருக்கு வழி. எங்களுக்கு மாடுதான் தோது. தலையை எண்ணுவது, ஓட்டிக்கொண்டு போவது, காணாமல் போனால் தேடுவது. இந்த மூன்றுக்குள் எங்கள் ஊர் அரசியல் முழுக்க அடங்கிவிடும்.

ஊரின் பெயரே ஒரு வேடிக்கை. கன்னடத்தில் ஹொச ஊரு, புது ஊர். மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் கோயிலையும் அதன் பழைய கல்வெட்டுகளையும் பார்த்தால் இந்த ஊர் எப்போது புதுசாக இருந்தது என்று சந்தேகம் வரும். எந்தக் காலத்திலோ யாரோ ‘புது ஊர்’ என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் இன்றுவரை ‘புறநகர் வளர்ச்சி’ என்று பேசிக்கொண்டு புதுசாகவே இருக்கிறோம்.

1791 ஜூலையில் கார்ன்வாலிஸ் படையிலிருந்து மேஜர் கௌடி என்பவர் ஓசூர்க் கோட்டைக்கு வந்தார். திப்புவின் ஆட்கள் பெரிதாக மல்லுக்கட்டாமல் இடத்தைக் காலி செய்துகொடுத்தார்கள். வருகிறவர் பெயர் கௌடி என்றதும், ‘யாரோ கவுடர் வருகிறார், நம்ம ஆள்தான்’ என்று கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்பது என்னுடைய ஆராய்ச்சி முடிவு. எந்தப் பேராசிரியரும் இதை மறுக்கவில்லை. நான் யாரிடமும் காட்டவுமில்லை.

அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம். கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் சேர்ந்த பாராமகால் கம்பெனிக்கு. ஓசூர் திப்புவுக்கே. 1799இல் திப்பு செத்த பிறகுதான் ஓசூரும் கம்பெனி கணக்கில் சேர்ந்தது. ஆக ஏழு வருஷம் கிருஷ்ணகிரிக்காரனுக்கும் ஓசூர்க்காரனுக்கும் நடுவே ஒரு தேச எல்லை இருந்தது. இன்றைக்கும் கிருஷ்ணகிரியில் ‘மாவட்டத் தலைநகரம் நாங்கள்’ என்று அவர்கள் மீசையை முறுக்குவதும், ‘வரி கட்டுவது நாங்கள்’ என்று இவர்கள் முறுக்குவதும் அந்த ஏழு வருஷத்தில் ஆரம்பித்த பழக்கமாக இருக்கலாம்.

பாராமகாலை நிர்வாகம் பண்ண வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இருவரும் பட்டாளத்துக்காரர்கள். சுட வேண்டிய ஆட்கள் தீர்ந்துபோனதும் எண்ண ஆரம்பித்தார்கள். வயலை அளந்தார்கள், கிணற்றை எண்ணினார்கள், ஏரையும் எருதையும் எண்ணினார்கள். ஜமீன்தார், குத்தகைதாரர் என்று நடுவில் யாரும் வேண்டாம், ஒவ்வொரு உழவனிடமும் அரசாங்கமே நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் என்றார்கள். ரயத்துவாரி என்று பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் ஐந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். அதை இன்றைய பாஷையில் சொன்னால் ‘இல்லம் தேடி வரி’. அரசாங்கம் குடிமகனின் வாசலுக்கே வந்து நின்ற முதல் திட்டம். கொடுக்க வரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

எண்ணிக் களைத்த கம்பெனிக்கு அடுத்து குதிரை ஞாபகம் வந்தது. ஓசூர்க் குளிர் குதிரைக்கு ஆகும் என்று 1824இல் மத்திகிரியில் ஒரு பண்ணை வைத்தார்கள். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல். பிற்பாடு அது கால்நடைப் பண்ணையாகி இன்றைக்கும் இருக்கிறது. இதில் ஒரு சின்னக் கணக்கு. மதராஸ் மாகாணத்தில் மனிதர்களுக்கு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு வைக்கிற சட்டம் வந்தது 1884இல். குதிரைக்கு 1824. தீவனம், தண்ணீர், கொட்டகை, வைத்தியம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒரு நிர்வாகம் எங்கள் ஊர்க் குதிரைக்கு மனிதனைவிட அறுபது வருஷம் முந்திக் கிடைத்துவிட்டது. ஓட்டுரிமை இல்லாமலே கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பிரெட் என்று ஒரு கலெக்டர். ஓசூர் குளிருக்கு மயங்கியவர்களில் இவரும் ஒருவர். இங்கிலாந்தில் கெனில்வொர்த் என்று ஒரு கோட்டை இருக்கிறதாம். அதேபோல ஒன்று இங்கேயும் வேண்டும் என்று கட்டினார். அம்மணி கேட்டார், ஐயா கட்டினார் என்பது ஊர்ப்பேச்சு. பொதுப்பணத்தில் ஆசை தீர்த்துக்கொண்ட முதல் ஆள் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெருமைக்கு அவருக்கு முன்னாலும் பின்னாலும் வரிசை நீளம். கோட்டை இடிந்துபோயிற்று. ஆனாலும் சாக்கடை கட்டச் சொன்னால் கட்டாமல், கேட்காத வளைவைக் கட்டித் திறந்துவைக்கிற கலையின் மூலவர் இவர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிப்பன் பிரபு 1882இல் ஸ்தல சுயாட்சித் தீர்மானம் போட்டார். உள்ளூர்க்காரர்கள் தங்கள் ரோட்டையும் விளக்கையும் தாங்களே பார்த்துக்கொண்டு பழகட்டும், தப்புச் செய்தாலும் பரவாயில்லை என்பது அவர் நினைப்பு. அந்தப் பின்பாதியை நாம் அப்படியே வேத வாக்காக எடுத்துக்கொண்டோம். சட்டம் வந்தபோது போர்டுக்குத் தலைவர் கலெக்டர், உறுப்பினர்களில் ஒரு பங்கு நியமனம், ஓட்டு யாருக்கு என்றால் வரி கட்டுகிற சொத்துக்காரனுக்கு. மற்றவர்கள் வழக்கம்போல எண்ணப்பட்டார்கள்.

அந்தச் சட்டம் வருவதற்கு ஆறு வருஷம் முன்னால், 1878 டிசம்பர் 10இல், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் முனிசீப் வீட்டில் ஒரு பையன் பிறந்தான். ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, பெங்களூர், சென்னை என்று போய் வக்கீலாகி, சேலத்தில் கட்சிக்காரர்களைப் பிடித்தான். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. எங்கள் மண்ணில் பிறந்தவர்களில் உள்ளாட்சியில் உருப்படியாக ஏதாவது செய்தவர் பட்டியல் போட்டால் அவர் பெயர்தான் முதலில் வரும். அதைச் செய்தது சேலத்துக்கு என்பதை நாங்கள் அடிக்கடி சொல்வதில்லை.

1917இல் சேலம் முனிசிபாலிட்டிக்கு அவர் சேர்மன். அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையைத் தாழ்த்தப்பட்ட சாதி ஊழியர் ஒருவரிடம் கொடுத்தார். அக்ரகாரம் கொதித்தது. தண்ணீர் அதே தண்ணீர், குழாய் அதே குழாய், திருகுகிற கைதான் வேறு. ஐயங்கார் அசையவில்லை. ஒரு சேர்மனின் உண்மையான அதிகாரம் எதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது: குழாயின் திருகில். இன்றைக்கும் எந்த வார்டு கவுன்சிலரையும் கேளுங்கள், தண்ணீர் திறந்துவிடுகிறவர் எந்தத் தெருவை முதலில் திறக்கிறார் என்பதுதான் உலக அரசியல். மற்றதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைப்பதற்கு.

அதே சமயத்தில் அந்தண்டை ஈரோட்டில் சேர்மன் நாற்காலியில் இருந்தவர் ஈ.வெ.ராமசாமி நாயக்கர். இரண்டு சேர்மன்களும் சிநேகிதர்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் தண்ணீரும் சாக்கடையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காந்தி கூப்பிட்டார் என்று 1919வாக்கில் நாற்காலியைவிட்டு இறங்கினார்கள். தமிழ்நாட்டு அரசியலின் இரண்டு துருவங்களும் முனிசிபல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுப் பழகியவை. பதவியை வேண்டாம் என்று இறங்கிய சேர்மன்கள் என்ற இனம் அதற்குப் பிறகு அரிதாகிப்போனது தனிக்கதை.

ராஜாஜி சொந்த ஊருக்கு என்ன செய்தார்? 1937இல் மாகாணப் பிரதமரானதும் சேலம் ஜில்லாவில் முதல் மதுவிலக்கு. ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. சட்டம் போட்டவருக்குத் தன் ஊரின் பூகோளம் மறந்துபோயிற்றா, தெரிந்தே செய்தாரா என்று தெரியவில்லை: சேலத்துக் குடிகாரன் திருந்தித்தான் ஆக வேண்டும், ஓசூர்க் குடிகாரன் மேற்கே நாலு மைல் நடந்தால் போதும். எல்லைக்கு அந்தப்பக்கம் மைசூர் மகாராஜா ராஜ்யம். சென்னைச் சட்டம் அத்திப்பள்ளியில் செல்லாது. காவிரிக்காக மறியல் நடக்கிற நாட்களில் பஸ் ஜூஜூவாடியோடு நின்றுவிட, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளிவரை நடக்கிறோமே, அந்தப் பாதையில் முதலில் நடந்து பழக்கியவர்கள் யாராக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

மதுவிலக்கால் கஜானாவில் ஓட்டை. அதை அடைக்க 1939இல் ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவிலேயே பொது விற்பனை வரிக்கு முன்னோடி அது. வரி வந்தால் ஏமாற்றுகிறவன் வருவான், ஏமாற்றுகிறவனைப் பிடிக்கச் செக்போஸ்ட் வரும். தொரப்பள்ளிப் பிள்ளை போட்ட வரிக்கு தொரப்பள்ளிக்குப் பக்கத்து ஜூஜூவாடியிலேயே மரத்தடுப்பு விழுந்தது. லாரிகள் மைல்கணக்கில் நின்றன. நின்ற லாரிக்கு டீ, டீக்குப் பக்கத்தில் பரோட்டா, பரோட்டாவுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை, பஞ்சர் கடைக்குப் பின்னால் வீட்டு மனை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த வணிகவரித் தடுப்புகளைத் தூக்கியபோது, ஒரு வரியால் உண்டான ஊரை இன்னொரு வரி வந்து விசாரித்துவிட்டுப் போனது.

ராஜாஜியை விடுவதற்கு முன் இன்னொன்று. 1952இல் அவர் முதலமைச்சரானது தேர்தலில் நின்று அல்ல. கவர்னர் மேலவைக்கு நியமித்தார், அங்கிருந்து நாற்காலிக்குப் போனார். தேர்தல் இல்லாமலும் ஆளலாம் என்று எங்கள் ஊர்க்காரர் தமிழ்நாட்டுக்குக் காட்டிய வழி அது. உள்ளாட்சி விஷயத்தில் பிற்கால அரசுகள் எல்லாம், கட்சிப் பாகுபாடு இல்லாமல், அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டன. அதற்கு வருகிறேன்.

1956இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தார்கள். ஓசூரைப் பொறுத்தவரை இது ஆட்டுக்கால் சூப்பில் ஆடு எது, கால் எது என்று பிரிக்கிற வேலை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், கறிக்கடையில் உருது, கோபம் வந்தால் நாலும். இந்தத் தாலுகாவை யாருக்குக் கொடுப்பது? கடைசியில் சென்னை மாநிலத்திலேயே நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கத்தில் வாட்டாள் நாகராஜுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. ஓசூர் கர்நாடகத்துக்கே என்று அவ்வப்போது எல்லையில் வந்து சொல்லிவிட்டுப் போவார். அவர் வந்தால் எங்களுக்குக் கோபம் வர வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், ஒரு ஊரை யாராவது இத்தனை வருஷமாக விடாமல் பெண் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஊருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தானே இருக்கும்? ஓசூருக்கு மூன்று முறை எம்எல்ஏவாக இருந்த கோபிநாத் 2024இல் கிருஷ்ணகிரி எம்பியாகி தில்லியில் தெலுங்கில் பதவிப் பிரமாணம் எடுத்தார். தமிழ்நாட்டின் மற்ற மூலைகளில் புருவம் உயர்ந்தது. ஓசூரில் டீ ஆறுவதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

எழுபதுகளில் சிப்காட் வந்தது. அரசு நிலத்தை எடுத்து, சமன் செய்து, ‘பெங்களூர் பக்கத்தில், தமிழ்நாட்டு விலையில்’ என்று கூவி விற்றது. அசோக் லேலண்ட் லாரி செய்ய வந்தது. டிவிஎஸ் 1980இல் இங்கிருந்துதான் ஐம்பது சிசி மொபெட்டை ஓட்டிவிட்டது. பால்காரரிலிருந்து புரோகிதர்வரை ஏறினார்கள். எண்பதுகளின் நடுவில் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வைத்தார்கள். கேழ்வரகு விளைந்த இடத்தில் கைக்கடிகாரம் விளைந்தது. நாடு முழுக்க நேரம் காட்டிய ஊருக்கு ஒரு நேரம் மட்டும் வரவே இல்லை: தேர்தல் நேரம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் 1986இல் நடந்தது. அடுத்தது 1996இல். நடுவில் ராஜீவ் காந்தி கனவு கண்டு, நரசிம்ம ராவ் காலத்தில் அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் நடத்தியே தீர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பேரூராட்சியாக இருந்த ஓசூர் 1992இல் நகராட்சி ஆனது. போர்டு எழுதுகிறவருக்கு வேலை. உள்ளே உட்கார்ந்தவர் தனி அலுவலர்.

தனி அலுவலரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தனி அலுவலர் ஆட்சியில் கெட்டது எதுவும் இல்லை; சத்தம் இல்லை, சண்டை இல்லை, வெளிநடப்பு இல்லை. ஒரே கஷ்டம், சாக்கடை அடைத்தால் யாரைத் திட்டுவது என்று தெரியாது. கவுன்சிலர் என்றால் தெருமுனையில் நிற்பார், அவர் வீடு தெரியும், அவர் மச்சான் கடை தெரியும், போய்த் திட்டலாம். மனசு ஆறும். சாக்கடை போகாவிட்டாலும் மனசு ஆறுவது முக்கியம் அல்லவா? ஜனநாயகத்தின் இந்த வசதியைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை.

தேர்தல் வந்தாலும் எப்படி நடத்துவது என்பதில் கோட்டையில் ஒரு ஊசலாட்டம். 1996இல் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2001இலும் அப்படியே. 2006இல், வேண்டாம், கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கட்டும். 2011இல், தப்பு, மக்களே. 2016இல், இல்லை, கவுன்சிலர்களே. 2018இல், யோசித்துப் பார்த்தோம், மக்களே. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி, கவுன்சிலர்களே. இதில் கடைசி மூன்று மாற்றங்களின்போது நகரங்களில் தேர்தலே நடக்கவில்லை. பெண் பார்க்காமலே பந்தியில் பாயசம் முதலிலா கடைசியிலா என்று மூன்று வருஷம் சண்டை.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள். சுவரில் சின்னம் வரைந்தாயிற்று. வரைந்த சுண்ணாம்பு காய்வதற்குள் அக்டோபர் 4இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கு. அந்த மாதமே பழைய மன்றத்தின் காலமும் முடிந்தது. தனி அலுவலர் குடையோடு திரும்பி வந்தார்.

இனிமேல்தான் எங்கள் ஊரின் உச்சக்கட்ட நகைச்சுவை. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, மத்திகிரி என்று அக்கம்பக்கத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு வீங்கிய ஓசூர், 2019 பிப்ரவரியில் நாகர்கோவிலோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கப்பட்டது. பட்டாசு வெடித்தோம். லட்டு கொடுத்தார்கள், நான் இரண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், மாநகராட்சிக்கு மேயர் வேண்டும், மேயர் இல்லை. துணை மேயர் இல்லை. கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. கல்யாண மண்டபம், சீரியல் லைட், நாதஸ்வரம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு. மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் அரசாணை வந்தபின் அறிவிக்கப்படுவார்கள். மூன்று வருஷம் அப்படியே நாதஸ்வரம் வாசித்தார்கள்.

கடைசியில் 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, வாக்குப்பதிவு. சனிக்கிழமை வைத்ததில் ஒரு கருணை இருந்தது. ஓசூர் வாக்காளரில் பாதிப்பேரை வாரநாளில் ஊரில் பார்க்க முடியாது. காலை ஆறரைக்கு எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார். தூங்கும் ஊர் தமிழ்நாடு, சம்பளம் வாங்கும் ஊர் கர்நாடகம். அவரிடம் ஓட்டுக் கேட்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வர வேண்டும், அப்போது அவர் பிரியாணிக்கு வரிசையில் நிற்பார்.

பிரசாரம் காது குளிரக் கேட்க வேண்டிய ஒன்று. ஒரே ஆட்டோ, ஒரே மைக், ஒரே தெரு. முதல் மூன்று வீட்டுக்கு ‘உங்கள் பொன்னான வாக்குகளை’. நாலாவது வீட்டு வாசலில் ரெட்டியார் நின்றால் ‘அன்னா, மீ ஓட்டு மாக்கே’. அதற்கடுத்த கவுடர் வீட்டில் ‘நிம்ம மத’. மசூதித் தெருவில் ‘பாய், வோட் தேனா’. கடைசியில் சிப்காட் பையன்கள் வாடகைக்கு இருக்கிற மாடி வீடு. ஒடியா, பிகாரி, அசாமி. மைக் அங்கே வந்ததும் மௌனமாகிவிடும். பாஷை தெரியாமல் இல்லை, அந்த வீட்டில் ஓட்டு இல்லை. என் தெருவில் வந்தவர் எந்த வீட்டில் எந்த மொழி என்று குழம்பி என்னிடம், “நமஸ்காரம் அண்ணா, சென்னாகிதீரா?” என்றார். “தமிழ்தான்யா” என்றேன். “அப்ப சொல்லுங்க, என்ன குறை?” என்றார். “தண்ணி பன்னெண்டு நாளைக்கு ஒருதரம் வருது.” உடனே அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். என் வீட்டில் தெலுங்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. சொன்னதை இங்கே எழுத முடியாது.

எண்ணி முடித்தபோது 45 வார்டில் திமுகவுக்கு 21, அதிமுகவுக்கு 16, காங்கிரஸ், பாமக, பாஜகவுக்கு ஆளுக்கொன்று, சுயேச்சைகள் ஐந்து பேர். கணக்கு தெரிந்தவர்கள் உடனே விரலை மடக்கினார்கள். பாதியைத் தாண்ட 23 வேண்டும். யாரிடமும் 23 இல்லை. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்த சுயேச்சைகளுக்கு அன்று காலையிலிருந்து வணக்கம் போட ஆள் வரிசை. ஐந்து பேருக்குத் திடீரென்று ஐயாயிரம் சொந்தக்காரர்கள்.

இங்கேதான் நடுகல் எனக்கு ஞாபகம் வந்தது. மறைமுகத் தேர்தல் என்றால் தமிழ்நாட்டில் பொதுவாக நடப்பது என்ன? ராத்திரியில் வண்டி வரும், தலை எண்ணுவார்கள், பத்திரமான ஒரு கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். நீச்சல்குளம் வைத்த கொட்டகை. எதிர்த்தரப்பு தேடிக்கொண்டு வரும். வெட்சியும் கரந்தையும் அப்படியே இருக்கிறது, பூ மட்டும் மாலையாகிவிட்டது. ஓசூரில் அப்படி யாரும் யாரையும் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காததைச் சொல்ல மாட்டேன். இலக்கணத்தை மட்டும் சொல்கிறேன்.

மார்ச் 4. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாநகராட்சிகளில் மேயர்கள் மாலையும் சால்வையுமாகச் சுலபத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தபோது, ஓசூரில் வாக்குப்பெட்டி வைத்துப் போட்டி நடந்தது. திமுகவில் எஸ்.ஏ.சத்யா, அதிமுகவில் நாராயணன். 27க்கு 18. சத்யா முதல் மேயர், ஆனந்தய்யா துணை மேயர். சத்யா ஏற்கெனவே நகராட்சித் தலைவராக இருந்தவர், 2019 இடைத்தேர்தலில் எம்எல்ஏ ஆனவர். அவருக்கு எதிரணியில் பாலகிருஷ்ண ரெட்டி 2011இல் நகராட்சித் தலைவராகி, 2016இல் எம்எல்ஏவாகி, மந்திரியுமானவர். அந்த இடைத்தேர்தலில் சத்யாவை எதிர்த்து நின்றது ரெட்டியின் மனைவி ஜோதி. எங்கள் நகராட்சி நாற்காலி அப்படிப்பட்டது. உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் வேறு நாற்காலிக்குத் தூக்கிக்கொண்டு போகும். மலைக்கோயில் தலபுராணத்தில் சிவன் உடும்பாக வந்தார் என்பார்கள். சாமியே உடும்பாக வந்த ஊரில் பிடி எப்படி இருக்கும்?

மேயர் வந்தார், அங்கி வந்தது, தங்க நிறச் சங்கிலி வந்தது. ஊர் பெரிதானால் ஆசையும் பெரிதாகும். 2024 ஜூனில் ஓசூருக்கு இரண்டாயிரம் ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கைதட்டி முடித்தபிறகு பார்த்தால், பெங்களூர் விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 2033வரை 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் இருப்பது அதற்குள். திப்பு போனார், மகாராஜா போனார், செக்போஸ்ட் போனது. ஓசூருக்கு என்ன வேண்டும் என்பதை அந்தப்பக்கத்துக் காகிதம் ஒன்று தீர்மானிப்பது மட்டும் போகவில்லை.

இந்த மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்குப்பின் தேர்தல் வருமா, தனி அலுவலர் வருவாரா, மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பார்களா, கவுன்சிலர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் மட்டும் இப்போதே விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போன மாதம் சூளகிரிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மந்தைவெளியில் வேப்பமரத்தடியில் ஒரு நடுகல். வீரர் மூக்கு உடைந்து, மீசை மட்டும் கம்பீரமாக நிற்கிறார். காலடியில் மாடு. ஒரு கட்சிப் பையன் பசைவாளியோடு வந்து, போஸ்டர் ஒட்ட இடம் பார்த்து, கல்லை ஒரு சுற்றுச் சுற்றினான். நிழலில் புளி உடைத்துக்கொண்டிருந்த கிழவியிடம் கேட்டான்.

“அவ்வா, இவரு யாரு? ரொம்பப் பழைய ஆளா?”

“ரொம்பப் பழைய ஆளுரா. மாட்டுக்காவ செத்துப்போனாரு.”

“அப்ப இவருக்கு ஓட்டு இல்லியா?”

கிழவி புளியங்கொட்டையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன் இல்ல? போன தடவ போட்டாரே.”